சாம்பல் நிறத்தில் மயிலாத்தாள்

குரு சீடரைவிட முப்பது வயது இளையவர். ஞானம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

குருவின் ஆசிரமம் சுந்தராபுரத்தில் ஒரு பேக்கரியின் மாடியில் இருந்தது. குரு நஸ்ரின் கல்யாண வீடியோ எடுப்பவர். முகூர்த்தம் இல்லாத நாட்களில் நாலைந்து பேருக்கு கேமரா சொல்லித் தருவார். அவர்களில் ஒருவர் அங்கப்பன், மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் வகுப்பில் அவர் நஸ்ரினை "அம்மிணி" என்றார். பிறகு கிண்டலாக "குருவே" என்றார். கொஞ்ச நாளில் கிண்டல் கழன்றுவிட்டது, குருவே மட்டும் ஒட்டிக்கொண்டது.

அன்று அவர் படியேறி வந்த விதமே சரியில்லை.

"குருவே, படம் நின்னு போச்சுங்க."

"கேமரா சூடாயிருச்சா சார்?"

"கேமரா நல்லாத்தானுங்க இருக்குது. ஊட்டுக்காரிதான் நடிக்க மாட்டேங்கறா."

அங்கப்பன் எடுத்துக்கொண்டிருந்தது ஒரு குறும்படம். ஒரு பெண் பஸ் ஸ்டாப்பில் காத்திருக்கிறாள். பஸ் வருகிறது. அவள் நிமிர்ந்து பார்த்துச் சிரிக்கிறாள். அவ்வளவுதான் கதை. நாயகி அவர் மனைவி மயிலாத்தாள். காத்திருப்பதெல்லாம் எடுத்தாகிவிட்டது. அந்தச் சிரிப்பு மட்டும் பாக்கி.

"அவங்கள என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமே சொல்லலீங்க. நேத்து எடுத்ததைக் கம்ப்யூட்டர்ல போட்டுக் காட்டுனேன். இனிமே கேமரா முன்னாடி நிக்க மாட்டேன்னு எந்திரிச்சுப் போயிட்டா."

"ரா வீடியோவ அப்படியேவா காட்டுனீங்க?"

"ஆமாங்க. நீங்க சொல்லிக் குடுத்தாப்லயே ரா மோடுல எடுத்ததுங்க."

நஸ்ரின் தலையில் கை வைத்துக்கொண்டார்.

சாதாரண வீடியோ என்றால் நிறத்தையும் வெளிச்சத்தையும் கேமராவே முடிவு செய்து, பார்க்கிற மாதிரி கொடுத்துவிடும். ரா வீடியோ அப்படியில்லை. லென்ஸில் விழுந்ததையெல்லாம் ஒன்று விடாமல் வாரி வைத்துக்கொள்ளும். சில நிமிடங்களில் மெமரி கார்டு நிறைந்துவிடும். இவ்வளவு வாரி வைத்தும், யாராவது உட்கார்ந்து நிறத்தை வெளியே எடுக்கிறவரை படம் வெளிறி, சாம்பல் பூத்தாற்போலக் கிடக்கும்.

"பாத்துட்டு என்ன கேட்டாங்க?"

"நான் இப்படியா இருக்கறேன்னு கேட்டா."

"நீங்க?"

"அப்புறம் சரி பண்ணிக்கலாம்னேன்." அங்கப்பன் அப்பாவியாகப் பார்த்தார். "அதுல என்னங்க தப்பு? ராவுல எடுத்தா நிறத்த அப்புறம் சரி பண்ணிக்கலாம்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?"

நஸ்ரினுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. கேமராவை ஸ்டாண்டில் மாட்டினார். அங்கப்பனை ஜன்னலோரம் உட்காரவைத்து, ராவிலேயே ஓடவிட்டார்.

"மயிலாத்தாக்காவ மொதமொத எங்க பாத்தீங்க? சொல்லுங்க."

"இப்ப எதுக்குங்க அது?"

"குரு கேக்குறேன்."

அங்கப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பொண்ணு பாக்கப் போயிருந்தமுங்க. காத்துக்கு ஒயர் கழண்டு கரெண்டு போயிருச்சு. பொண்ணு வந்து நிக்கறா, ஒண்ணும் தெரியல. எனக்கு மனசு கேக்கல. வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு நானே கம்பத்துல ஏறிட்டேன். எங்கம்மா கத்துது, மாமனார் கத்தறாரு. லைன் குடுத்துட்டு எறங்கி வர்றேன், வேட்டியெல்லாம் கறை. லைட்டு வெளிச்சத்துல அவ என்னைய நிமுந்து பாத்துச் சிரிச்சா பாருங்க..."

அவருக்குக் குரல் இளகிவிட்டது.

"அந்தச் சிரிப்புக்காகத்தானுங்க குருவே இந்தக் கதையே எழுதுனேன்."

நஸ்ரின் கார்டை எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டார். அங்கப்பன் ஆசையாக எட்டிப் பார்த்தார். திரையில் ஒரு வெளிறிய ஆள் உட்கார்ந்து வாயசைத்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் ரத்தமே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் கூட்டிவந்த மாதிரி இருந்தார்.

"என்னங்க குருவே, நான் இப்படியா இருக்கறேன்?"

"அப்புறம் சரி பண்ணிக்கலாம்" என்று நஸ்ரின் திரையை அணைத்தார். "வாங்க, டீ குடிக்கலாம்."

கீழே பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும் வந்தன. நஸ்ரின் நிதானமாகச் சாப்பிட்டார். அங்கப்பன் பன்னைத் தொடவில்லை.

"ஒரு நிமிசம் அத சரி பண்ணிட்டு வந்துருக்கலாமுங்க."

"நிறமெல்லாம் உள்ளதானே சார் இருக்குது. எங்க ஓடிரப் போகுது?"

"இருக்குதுன்னு தெரியுதுங்க. ஆனா அந்த மூஞ்சியோட என்னைய அப்படியே உட்டுட்டு வந்துட்டீங்களே. மனசு ஒரு மாதிரி இருக்குதுங்க."

"ராவப் பத்தி இவ்வளவு தெரிஞ்ச உங்களுக்கேவா சார்?"

அங்கப்பன் டம்ளரையும் தொடவில்லை. டீயில் ஆடை படிந்துவிட்டது.

மாடிக்குத் திரும்பியதும், அங்கப்பன் கொண்டுவந்திருந்த கார்டிலிருந்து நஸ்ரின் மயிலாத்தாள் காத்திருக்கும் காட்சியைத் திறந்தார். கொஞ்சம் கொஞ்சமாக நிறம் ஏறியது. மூக்குத்தி மின்னியது. புடவையின் கிளிப்பச்சை வந்தது. கடைசியாக, வெயிலில் நின்று சிவந்த அந்த முகம் வந்தது. அங்கப்பன் மூச்சு விடாமல் பார்த்தார்.

"இதைப் பென் டிரைவ்ல போட்டுக் குடுங்க குருவே. கொண்டு போய்க் காட்டுனா சமாதானமாயிருவா."

நஸ்ரின் போட்டுக் கொடுத்தார்.

"சார், அந்தக் கம்பம், அந்தச் சிரிப்பு... அதுக்காகத்தான் கதை எழுதுனீங்கன்னு அக்காவுக்குத் தெரியுமா?"

"அதெல்லாம் எதுக்குங்க சொல்லிட்டு? இத்தன வருசம் ஒண்ணா இருக்கறம். எல்லாம் உள்ளுக்குள்ள இருக்குதுங்க, ஒண்ணு விடாம."

"உள்ள இருக்கறது எடுத்தவருக்குத் தெரியும் சார்" என்றார் நஸ்ரின். "பாக்கறவங்களுக்குச் சாம்பல்தான் தெரியும்."

அங்கப்பன் சட்டென்று எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு மடமடவென்று படியிறங்கினார். பென் டிரைவ் மேசையிலேயே கிடந்தது.

நஸ்ரின் அதை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினார்.

"சார்! இத விட்டுட்டுப் போறீங்களே!"

அங்கப்பன் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கக்கூட இல்லை.

"அது அப்புறமுங்க குருவே!"