பனியை நம்பிய முள்ளம்பன்றி

மேகம் வந்து உட்கார்ந்து எழுந்து போகும் மலைக்காடு ஒன்றில், ஒரு முள்ளம்பன்றி தினை விளைவித்து வந்தது. அதற்குத் தாயில்லாத இரண்டு குட்டிகள். அந்தத் தினைதான் வருடம் முழுவதும் அவற்றின் வயிற்றுக்கு.

மலையில் ஒரு வழக்கம், பிள்ளைகளே. கதிரை அறுத்தபின் அடிக்கட்டையை யாரும் பிடுங்க மாட்டார்கள். மார்கழியில் உறைபனி விழும். கட்டைக்குள் எந்தப் புழு இருந்தாலும் விறைத்துச் செத்துவிடும்.

ஒரு கார்த்திகையில், சமவெளியிலிருந்து மைனா பறந்து வந்தது.

"முள்ளண்ணே! கீழே தண்டுப்புழு எல்லா வயலையும் தின்றுவிட்டது. இப்போது அந்தப் புழுவின் தாய் அந்துப்பூச்சி மலையேறுகிறது. வருடா வருடம் குளிர் குறைகிறதே, பார்க்கவில்லையா? கட்டையைப் பிடுங்கிப் போடு."

முள்ளம்பன்றிக்கு முள்ளெல்லாம் குத்திட்டு நின்றன. மூன்று வருடங்களுக்கு முன் எல்லோரும் கூடியிருந்த இடத்தில், "உன் முதுகு தேய்ந்த துடைப்பம்" என்று சொன்னது இந்த மைனாதான். அதை அது மறக்கவே இல்லை.

"துடைப்பத்திடம் உனக்கென்ன பேச்சு? போ, போ!" என்று விரட்டியது.

மறுநாள் அந்துப்பூச்சி வந்தது. இறக்கையை மடக்கிப் பணிவாக நின்றது.

"ஐயா, கீழே வெயில் தாங்கவில்லை. உங்கள் கட்டைகளில் துளிர் விட்டிருக்கிறது. என் பிள்ளைகள் அதற்குள் கொஞ்ச நாள் இருக்கட்டுமா?"

முள்ளம்பன்றி வயிறு குலுங்கச் சிரித்தது. "தாராளமாக! மார்கழி வரட்டும், கூண்டோடு போவீர்கள்."

"பனி வந்தால் போகிறோம் ஐயா. வாக்கு வாக்குதான்."

மார்கழி வந்தது. பனி வரவில்லை. 'தையில் வரும்' என்று முள்ளம்பன்றி காத்திருந்தது. தையிலும் இலை நுனியில் வெறும் ஈரம்தான். கட்டைக்குள் புழுக்கள் கொழுத்தன.

மழை பெய்ததும் முள்ளம்பன்றி புதுத் தினை விதைத்தது. கதிர்கள் வெள்ளை வெளேரென்று நிமிர்ந்து நின்றன. ஒன்றைப் பிடித்து இழுத்தது. கையோடு வந்தது. உள்ளே ஒரு மணி இல்லை; தண்டைப் புழு குடைந்திருந்தது.

"அப்பா, கதிர் வந்துவிட்டதே! இன்றைக்குச் சோறுதானே?" என்று குட்டிகள் குதித்தன.

முள்ளம்பன்றி முள்ளைத் தாழ்த்திக்கொண்டு மைனாவைத் தேடிப் போனது. "குட்டிகளுக்குக் கிழங்கு தோண்டியாவது போடுவேன். அடுத்த விளைச்சலாவது தப்ப வேண்டும். நீ சொன்னாய், நான் கேட்கவில்லை. வேண்டிய மட்டும் சொல்லிக்காட்டு, தங்கச்சி."

மைனா அதன் முகத்தைப் பார்த்தது. பிறகு அதனுடன் வந்து வயலில் இறங்கி ஒரு புழுவைக் கொத்தியது.

"சொல்லிக்காட்ட நிறைய இருக்கிறது, அண்ணே. முதலில் கட்டையைப் பிடுங்கு. நான் காத்திருப்பேன், புழு காத்திருக்காது."

நீதி: நேற்று காத்த குளிர் நாளையும் காக்கும் என்று இருந்துவிடாதே, பிடிக்காதவர் சொன்னாலும் எச்சரிக்கை எச்சரிக்கைதான்.