பின்வாங்கிய செவ்வாயும் பின்வாங்காத பல்லக்கும்

கொடி, குடை, கோபம் ஆகிய மூன்றும் குறைவின்றி வாய்த்த ஓர் அரசன், முன்னொரு காலத்தில் செம்பாறை நாட்டை ஆண்டுவந்தான். மகுடவழுதி என்பது அவன் பெயர். செவ்வாய்க் கிரகத்தின் அருளோடு பிறந்தவன் என்று சோதிடர் சொன்னதை அவன் சற்று அதிகமாகவே நம்பிவிட்டான். செவ்வாய்க்கிழமைதோறும் நாட்டு மக்கள் அனைவரும் சிவப்புத் தலைப்பாகை கட்ட வேண்டும் என்று ஆணையிட்டான். சாயப்பட்டறைக்காரர்கள் மட்டும் அவனை மனமார வாழ்த்தினார்கள்.

அந்நாட்டுக் கோட்டைக்குள் கோதையம்மை என்பவர் ஒரு பாடசாலை நடத்திவந்தார். பூமியும் பிற கோள்களும் சூரியனைச் சுற்றிவருகின்றன என்பதைப் பன்னிரண்டு மாணவர்களுக்குக் கற்பித்தார். “தெரியும் அம்மா” என்று மாணவர் சொன்னால் அவருக்குப் போதாது. “தெரிந்தால் காட்டு” என்பார். எலுமிச்சம்பழத்தையும் விளக்கையும் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்.

இந்தப் பாடசாலையின் புகழ் அரண்மனைச் சோதிடர் பஞ்சநதருக்குப் பொறுக்கவில்லை. அவருக்கு ஒரு வாய்ப்பும் வந்தது. விண்மீன்களிடையே நாளுக்கு நாள் கிழக்கு நோக்கி நகர்ந்துவந்த செவ்வாய், திடீரென்று நின்று, மேற்கு நோக்கித் திரும்பியது. பஞ்சநதர் அவைக்கு ஓடினார்.

“பிரபு! செவ்வாய் பின்வாங்குகிறார்!”

“என் கிரகமா? யாரைக் கண்டு அஞ்சி?”

“அஞ்சவில்லை, பிரபு, மனம் நொந்துவிட்டார். சூரியனைச் சுற்றும் வெறும் உருண்டை என்று ஓர் அம்மையார் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னால், மானமுள்ள எந்தக் கிரகம்தான் முன்னே வரும்?”

அரசன் பத்து இரவுகள் தானே வானத்தைப் பார்த்தான். பிறகு கோதையம்மை அழைத்துவரப்பட்டார்.

“அம்மையே, செவ்வாய் பின்வாங்குவதைப் பத்து நாளாக நானே பார்க்கிறேன். என்ன சொல்கிறீர்?” என்றான் அரசன்.

“அரசர் பார்த்தது உண்மை. செவ்வாய் பின்வாங்கவில்லை என்பதும் உண்மை.”

“அம்மையாருக்கு வெயில் தலைக்கேறிவிட்டது” என்று பஞ்சநதர் சிரித்தார்.

அரசன் சிரிக்கவில்லை. “மூன்று நாள் தருகிறேன். வாய்ப்பேச்சு வேண்டாம், என் கண்ணுக்குக் காட்டும். இல்லாவிட்டால் பாடசாலைக்குப் பூட்டு. நீரும் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும்.”

“காட்டுகிறேன், அரசே. இரண்டு பல்லக்குகள் வேண்டும். ஒன்றில் தாங்கள், மற்றொன்றில் சோதிடர்.”

பல்லக்கு என்றதும் பஞ்சநதர் பூரித்துப்போனார். ஆனால் அந்த நாட்டில் ஒரு பழைய வழக்கம் உண்டு. அரசரோடு பவனி செல்பவரின் பல்லக்கு ஓரடி பின்வாங்கினாலும், அவர் தலைப்பாகையையும் பதவியையும் இழப்பார். பூரிப்பில் அது அவர் நினைவுக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் காலை, அவையோர் கூடிய குதிரைப் பயிற்சித் திடலில் சுண்ணாம்புப் பொடியால் இரண்டு வட்டங்கள் வரையப்பட்டிருந்தன. நடுவில் சூரியனுக்குப் பதிலாக ஆளுயரக் குத்துவிளக்கு. உள்வட்டத்தில் அரசன், வெளிவட்டத்தில் சோதிடர். தொலைவில், கோட்டை மதில்மேல் சுற்றிலும், பன்னிரண்டு மாணவர்கள் வெவ்வேறு நிறக் கொடிகளோடு நின்றார்கள்.

“இரண்டு பல்லக்குகளும் ஒரே திசையில் செல்லட்டும். உள்வட்டத்தார் விரைந்து நடங்கள். வெளிவட்டத்தார் மெல்ல நடங்கள். யாரும் நிற்கக் கூடாது, திரும்பவும் கூடாது. அரசே, சோதிடரின் தலைப்பாகை எந்தக் கொடிக்கு நேராகத் தெரிகிறது என்று உரக்கச் சொல்லி வாருங்கள்” என்றார் கோதையம்மை.

பல்லக்குகள் புறப்பட்டன. அரசன் பின்னாலிருந்து நெருங்கிவந்தான்.

“வெள்ளைக் கொடி... மஞ்சள்... பச்சை...”

அரசனின் பல்லக்கு சோதிடரை எட்டிப் பிடித்துக் கடந்தது.

“பச்சை... என்ன இது? மறுபடியும் மஞ்சளா? ஓய் பஞ்சநதரே! என் கண்முன்னே பின்வாங்குகிறீரா?”

“ஐயோ, இல்லை பிரபு! முன்னேதான் போகிறேன்!”

“பொய் வேறா? யாரங்கே! அவர் தலைப்பாகையைக் கழற்று!”

பஞ்சநதர் பல்லக்கிலிருந்து குதித்தே விட்டார். “பிரபு, சுண்ணாம்பில் பதிந்த கால்தடத்தைப் பாருங்கள்! தூக்கிகளைக் கேளுங்கள்!”

“ஆமாம் சாமி” என்றான் முன்தூக்கி, வியர்வையை வழித்தபடி. “இந்தக் கனத்தோடு பின்னாலே நடந்திருந்தா எல்லாருமா விழுந்திருப்போம்.”

“கேட்டீர்களா பிரபு! தங்கள் பல்லக்கு வேகமாக வந்து எங்களைக் கடந்தது. அதனால்தான் தங்கள் கண்ணுக்கு நான் பின்வாங்கியதாகத் தோன்றியது. நான் பின்வாங்கவே இல்லை!”

“சோதிடரே, இன்னொரு முறை உரக்கச் சொல்லுங்கள். மதில்மேல் நிற்கும் பிள்ளைகளுக்குக் கேட்டிருக்காது” என்றார் கோதையம்மை.

அரசன் விளக்கைப் பார்த்தான், வட்டங்களைப் பார்த்தான், தன் பல்லக்கைப் பார்த்தான்.

“அப்படியானால் நான் அமர்ந்திருப்பது...?”

“பூமி, அரசே. அது உள்வட்டத்தில் விரைகிறது. செவ்வாய் வெளிவட்டத்தில் மெல்ல வருகிறது. ஏறத்தாழ இரண்டு ஆண்டு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை நாம் அதைக் கடக்கிறோம். அந்த நாள்களில் அது பின்வாங்குவதாகத் தெரியும். சிறிது பொறுத்தால் மீண்டும் முன்னே போகும்.”

அரசன் நம்பிவிடவில்லை. பஞ்சநதரை மறுபடி பல்லக்கில் ஏற்றினான்; இரண்டு பல்லக்குகளையும் மீண்டும் நடக்கச் செய்தான். மஞ்சளுக்குப் பின் பச்சை மீண்டும் வந்ததைக் கண்ட பிறகே இறங்கினான். இறங்கியதும் அவை முழுவதும் பார்க்கக் கோதையம்மையை வணங்கினான்.

“பார்த்ததை மட்டும் நம்பி ஒரு நல்ல பாடசாலையைப் பூட்ட இருந்தேன். இனி அதன் செலவு அரண்மனையுடையது. பஞ்சநதரே, தலைப்பாகை உமக்கே இருக்கட்டும். நாளைமுதல் கொடி பிடிக்கப் பதின்மூன்றாவது மாணவராகப் போம்.”

செவ்வாய்க்கிழமை ஆணையும் அன்றே நீங்கியது. சாயப்பட்டறைக்காரர்கள் மட்டும் வருந்தினார்கள்.

இரண்டு ஆண்டு இரண்டு மாதம் கழித்துச் செவ்வாய் மீண்டும் திரும்பியபோது, அஞ்சிய மக்கள் அரண்மனை வாயிலில் திரண்டார்கள். அரசன் பெருமிதத்தோடு வெளியே வந்தான்.

“அஞ்சாதீர்கள். செவ்வாய் பின்வாங்கவில்லை. நான்தான் அதைக் கடந்துகொண்டிருக்கிறேன்!”

கூட்டத்தின் முன்வரிசையில் கோதையம்மை நின்றிருந்தார்.

“அரசே, அந்தப் பல்லக்கில் நாங்களும் இருக்கிறோம்” என்றார்.