இடக்கைக்காரன் இலை

"ஆள் நிக்க மாட்டேங்கானுவ தாயி," என்றார் சொள்ளமுத்து.

செங்கமலம் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவர் மகள் வயதுதான் இருக்கும். ஆனால் மலையடிவாரத்து மடத்தில் அவள் சொன்னதுதான் சட்டம். வழிப்போக்கருக்குச் சோறு போடும் மடம். வேலை செய்கிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. வந்து சேர்ந்தவன் ஒருத்தன்கூட அவளை விட்டுப் போனதில்லை என்று ஊரெல்லாம் பேச்சு.

சொள்ளமுத்து வாழைத்தார் மண்டிக்காரர். தெருவில் கிடந்து எழுந்து வந்தவர். வாயும் பெரிது, கோபமும் பெரிது. ஆற்று மடுவில் முங்கிப்போகிறவர்களைத் தூக்க ஒரு படை திரட்டியிருந்தார். கூலி இல்லாத படை. பனியன் கொடுத்தார். பிரியாணி போட்டார். பேப்பரில் படம் வரவைத்தார்.

வந்தார்கள். ஒவ்வொருவராகக் கழன்றார்கள்.

ஆடி அமாவாசை நெருங்கிவிட்டது. படித்துறை கொள்ளாத கூட்டம் வரும். கயிறு வீச ஆள் இல்லாவிட்டால், மடு தன் பங்கை எடுத்துக்கொள்ளும்.

"உங்க ஆளுவள்ல கொஞ்சம் பேரை விடுங்க. சும்மா கேக்கல. மடத்துக்கு வருசம் பூரா காய்கறி என் பொறுப்பு."

"அவ்வளவுதானா?"

"சரி, விறகும்."

"நான் விலை கேக்கல அண்ணாச்சி. இம்புட்டுதான் கேக்க வந்தியளான்னு கேட்டேன்."

"பின்னே வேற என்ன கேக்கணும்?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"பந்தி நேரம். நீங்களே கேளுங்க. வாரவங்களைக் கூட்டிட்டுப் போங்க."

நல்ல உச்சிவெயில். முற்றமெல்லாம் சோற்று வாசம். ஒரு காக்கைகூட இல்லை. அதை அவர் அப்போதுதான் கவனித்தார்.

கூடத்தில் நீளமாகப் பாய் விரித்து இலை போட்டிருந்தது. பாயில் யாரும் இல்லை.

"எங்க ஆளுவ?"

"உக்காந்திருக்காவல்லா." சோற்று வாளியை நீட்டினாள். "பரிமாறுங்க."

சொள்ளமுத்துவுக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது.

"என்னைக் கேலி பண்ணுதியா? மண்டியில எத்தனை எத்தனுவளைப் பாத்துட்டு வந்தவன் நான்."

"சோறு ஆறுது அண்ணாச்சி."

வீம்புக்கு வாங்கினார். வீம்புக்கே பரிமாறினார். கடைசி இலைவரை அள்ளிப் போட்டுவிட்டு வாளியை டங்கென்று வைத்தார். சாம்பாரைத் தூக்கிக்கொண்டு முதல் இலைக்குத் திரும்பி வந்தார்.

சோற்றில் குழி இருந்தது.

சாம்பாருக்காக விரலால் பறிக்கிற குழி. அடுத்த இலையிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும். அவர் பறிக்கவில்லை. செங்கமலம் நிலைப்படியை விட்டு நகரவில்லை.

ஊற்றினார். ஊற்றாமல் நிறுத்தப் பயமாக இருந்தது. ஒவ்வொரு குழியும் நிறைந்ததும் மேலே எழுந்த ஆவி சட்டென்று அறுந்தது, யாரோ உள்ளங்கையை நீட்டிப் போதும் என்பதுபோல.

கடைசி இலையில் தண்ணீர்த் தம்ளர் வலப்பக்கம் மாறியிருந்தது. குழியில் விரல்தடம் இடதுபக்கமாக இழுத்திருந்தது.

அவர் கையில் கரண்டி நின்றுவிட்டது.

"இடக்கைக்காரன்," என்றார். "ஆவுடை. என் படையில மொத ஆளா கயிறு வீசுனவன்."

"இப்ப உங்ககிட்ட இல்லையா?"

"தையில போயிட்டான்."

"ஏன்?"

"போறவன் போகட்டும்னு வேற ஆள் எடுத்தேன்."

"உசிரோட இருக்காவளா?"

சொள்ளமுத்து கரண்டியை வாளிக்குள் போட்டார்.

"தெரியாது," என்றார்.

"எனக்கும் தெரியாது. வந்தாவ. இலை போட்டேன்."

சொள்ளமுத்து இலைக்கு எதிரே குனிந்தார். குரலை மெதுவாக்கிக்கொண்டார். மண்டியில் படியாத வியாபாரியிடம் பேசுகிற குரல் அது.

"ஆவுடை, அமாவாசைக்கு ஆள் வேணும்லே. வந்துரு. ஒனக்கு என்ன வேணுமோ செய்யுதேன்."

இலையின் பாய்ப்பக்கத்து விளிம்பு மெல்ல எழுந்தது. அவரைப் பார்த்து மடங்கி வந்தது.

கல்யாண வீட்டில் சாப்பிட்டவன் இலையைத் தன் பக்கமாக மடிப்பான், உறவு தொடரட்டும் என்று. சாவு விழுந்த துட்டி வீட்டில்தான் எதிர்ப்பக்கமாக மடிப்பான், இதோடு போதும் என்று.

சோறு சரியத் தொடங்கியது. இலையை அமுக்கிப் பிடிக்கக் கை போனது. பிடிக்கவில்லை. வெறுந்தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"சாப்பிடுலே," என்றார். "பாதிச் சோத்துல எந்திரிக்காதே. அமாவாசை கெடக்கட்டும்."

விளிம்பு வந்துகொண்டே இருந்தது.

"வீட்டுல யாரெல்லாம்லே இருக்காவ?"

விளிம்பு நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகு தரையில் படிந்தது.

"ரசம் இருக்கா அண்ணாச்சி?" என்றது இலைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல்.