மூன்று நூல் இறக்கம்

"அம்மிணி, என்ற கண்ணு போயிருச்சு."

ஆறுச்சாமி கையில் ரம்பத்தோடு வந்து நின்றார்.

கோகிலவாணி ஃபைபர் தூசியைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தாள். வயது முப்பத்திரண்டு. கார்களின் பின்பக்கத்துக்கு ஸ்பாய்லர் என்கிற இறக்கையைச் செய்து மாட்டுவதில் கோயம்புத்தூரில் அவள் பட்டறைக்குத் தனிப் பெயர்.

அவளுடைய சீடர் ஆறுச்சாமிக்கு ஐம்பத்தேழு. முப்பது வருஷம் பஸ் பாடி கட்டியவர். ஒரு நாள் ரேஸ் பார்க்கப் போனவர், காரின் முதுகில் நின்ற அந்த இறக்கையிடம் மனசைப் பறிகொடுத்தார். அடுத்த வாரமே மகள் வயதுக்காரியிடம் வேலை கற்க வந்துவிட்டார். அதில் அவருக்கு வெட்கமே கிடையாது.

"என்னங்ணா ஆச்சு?"

"மறுக்காவும் கோணல்."

சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஐந்து நாளாகப் பட்டறையில் நின்றது. ஒரு பல் டாக்டருடையது. மனிதர் வாரமெல்லாம் பல் பிடுங்குவார், ஞாயிற்றுக்கிழமையானால் ரேஸ் ஓட்டுவார். இன்று சாயங்காலம் காரை எடுக்க வருகிறார். நாளைக்கு ரேஸ்.

அச்சு முதற்கொண்டு ஆறுச்சாமி தனியாகச் செய்த முதல் வேலை இது. அச்சிலிருந்து எடுத்த ஸ்பாய்லரை டிக்கியின் மேல் வைத்துப் பார்த்தார். இடது பக்கம் ஒரு நூல், அரைக்கால் அங்குலம், இறங்கித் தெரிந்தது. யாரையும் கேட்காமல், அதைத் தாங்கும் இரண்டு கால்களில் வலது காலை ஒரு நூல் அறுத்தார். மறுநாள் பார்த்தால் மறுபடி இறக்கம். மறுபடி அறுத்தார். அறுத்து அறுத்து, கடைசியில் அது ஒற்றைக் காலோடு மூலையில் போய்ச் சாய்ந்தது.

அதே அச்சில் இன்னொன்று எடுத்தார். இப்போது மூன்று நூல் இறக்கம்.

"அச்சே கோணலுங்க. நேரா இருக்குதுன்னு நெனச்சுக் கோணலாச் செஞ்சிருக்கறேன். பஸ்ஸுல ஜன்னல் வரிசை ஒரு நூல் தப்புனாலும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னே சொல்லுவேன். அந்தக் கண்ணு போயிருச்சு. இதை அறுத்துச் சரி பண்ணிக் குடுத்துடறேன். நாளையிலிருந்து நான் வரலீங்க."

அவருக்கு உண்மையிலேயே பயம். கண்ணை விட்டால் அவரிடம் வேறு என்ன இருக்கிறது?

"எங்கிருந்து அளந்தீங்க?"

"தரையிலிருந்துதான்."

பஸ் கட்டியவர். எதையும் தரையிலிருந்துதான் அளப்பார்.

"தரைக்கும் இதுக்கும் நடுவுல என்ன இருக்குதுங்ணா?"

"காரு."

"அதைப் பாத்தீங்களா?"

ஆறுச்சாமி காரைத் திரும்பிப் பார்த்தார்.

கோகிலவாணி ஸ்பாய்லர் பக்கம் திரும்பக்கூட இல்லை. ரசமட்டத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"மேல வெச்சுட்டுப் பாத்துக்கிட்டே இருங்க."

கம்ப்ரெசர் குழாயை இழுத்துக்கொண்டு போய், பின்னால் இடது டயருக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

காற்று ஏறியது.

ரசமட்டத்தில் வலது ஓரமாக ஒதுங்கிக் கிடந்த குமிழி அசைந்தது. மெல்ல நகர்ந்தது. நட்ட நடுவில் வந்து நின்றது.

ஆறுச்சாமி டேப்பை எடுத்து அளந்தார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். நம்பிக்கை வராமல் இன்னொரு தடவை. இரண்டும் ஒன்று.

"அட சாமி!"

அவருக்குச் சிரிப்பு வந்தது, கண்ணீரும் வந்தது. ஐந்து நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனது. பக்கத்திலிருந்த ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கோகிலவாணி டயரின் மேல் சோப்புத் தண்ணீரைத் தெளித்தாள். ஓரிடத்தில் நுரை பொரிந்தது. குறடு கொண்டு அங்கே கவ்வி இழுத்தாள். ஒரு சின்ன ஆணி வந்தது.

"பஞ்சர் ஒட்ட நேரம் இருக்குது. இல்லாட்டி நாளைக்கு டாக்டரு இதோடதான் ரேஸ் ஓடியிருப்பாரு."

ஆணியை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"கண்ணு போயிருச்சுன்னீங்களே, அந்த எறக்கத்தை எந்தக் கண்ணுலீங்ணா பாத்தீங்க?"

ஆறுச்சாமி ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூலையில் ஒற்றைக் காலோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்தார்.

"அப்ப அது?"

"அதும் நேராத்தான் இருந்துச்சு. அதை அறுத்தது கண்ணு இல்லீங்ணா, அவசரம்."