முன்பல் சந்து

மூக்குக்கு மேல் கோபம் வருகிற ஆள் இசக்கிராஜ். பல் சீரமைப்பு மருத்துவர் ரெஜினாவிடம் தொழில் பழக வந்தவன். அன்றைக்கு அவன் போட்ட சத்தம் தெரு வரைக்கும் கேட்டது.

"அறிவிருக்காம்மா உங்களுக்கு? சாவியைப் பின்னால திருப்பியிருக்கீங்களே!"

பொன்மாரி தலைகுனிந்து நின்றாள். மகள் சுருதிக்கு மேல்வாய் குறுகல், பல் முளைக்க இடமில்லை. அண்ணத்தை அகலமாக்க அங்கே ஒரு கருவி மாட்டி, அதன் திருகை ஒரு சின்னச் சாவியால் தினமும் ஒரு தடவை முன்னால் திருப்பச் சொல்லியிருந்தான் இசக்கி. முதல் வாரம் ஒழுங்காகச் செய்தவள், அடுத்த வாரம் முழுக்கப் பின்னால் திருப்பியிருக்கிறாள். விரிந்தது பழையபடி சுருங்கிவிட்டது.

"கழட்டிருங்க. எம்புள்ளைக்கு இந்த எளவே வேண்டாம்."

அம்மாவைத் திட்டியவன் முன்னால் சுருதி வாயை இறுக மூடிக்கொண்டாள்.

ரெஜினா உள்ளேயிருந்து வந்தார். "ஏன் பொன்மாரி பின்னால திருப்புனீங்க?"

"முன்பல்லு ரெண்டும் விலகி நடுவுல சந்து விழுந்துட்டு, டாக்டரம்மா. பள்ளிக்கூடத்துல கேலி பண்ணி புள்ள அழுதுட்டு வந்தா. நான்தான் கெடுத்துட்டேன்னு பயந்து மூடப் பார்த்தேன்."

ரெஜினாவின் முகம் சிவந்தது. "இசக்கி, சந்து விழும்னு சொன்னியா?"

"அன்னைக்குக் கூட்டம், மேடம்..."

"சொன்னியா, இல்லையா?"

"இல்ல."

ரெஜினா இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துப் பொன்மாரிக்குக் காட்டினார். "அண்ணம் இப்படி ரெண்டு பாதிம்மா. இந்த வயசுல நடுவுல இன்னும் இறுகல. மெதுவா விலக்குனா இடையில புது எலும்பு வளரும். சந்து விழுந்தா வேலை நடக்குதுன்னு அர்த்தம். அப்புறம் பல்லு தானா நெருங்கி வந்துரும். இப்ப விட்டுட்டா, பின்னால ஆபரேஷன்தான்."

பொன்மாரி அழுதுவிட்டாள். "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே!"

சுருதி மட்டும் வாயைத் திறக்கவில்லை. கெஞ்சிப் பார்த்தார்கள், அசையவில்லை. அம்மாவும் மகளும் வெளியே போய் உட்கார்ந்தார்கள்.

"இப்ப எப்படி மேடம் திறக்க வைக்கிறது?" என்றான் இசக்கி.

ரெஜினா சாவியை எடுத்து அவன் முன்னால் பட்டென்று வைத்தார். "ஏன் இதை ஒரே நாள்ல மொத்தமா திருப்பக் கூடாது?"

"புள்ள தாங்காது, மேடம்."

"அது தெரியுதுல்ல? போ, அவ முன்னால அவ அம்மாகிட்ட மன்னிப்புக் கேளு. இன்னைக்குத் திறக்கலைன்னா நாளைக்கு அவங்க வீட்டுக்குப் போய்க் கேளு. அதுவும் தினம் ஒரு தடவைதான்."