கும்பிடு போட்ட வாள்

முன்னொரு காலத்தில், அரசர்களுக்குப் பொழுது போகாமல் கிடந்த நாட்களில், ஒரு நாட்டில் நல்லழகன் என்றொரு விகடகவி இருந்தான். பதினெட்டு வருடமாக அரசரைச் சிரிக்க வைத்து வைத்து அவனுக்குச் சிரிப்பே மறந்துபோயிருந்தது.

ஒருநாள் அரசருக்கு நூல் பிடித்ததுபோல் நேரான வாள் வேண்டும் என்று ஆசை வந்தது. அரண்மனைக் கொல்லர் சடையாண்டி ஆசாரி அதை அடித்தார். உலையில் சிவந்திருந்தவரை நேராக இருந்த வாள், உறுதியேற்றத் தண்ணீரில் முக்கியதும் வளைந்துகொண்டது. மூன்று வாள் அடித்தார், மூன்றும் அப்படியே.

“நாளை சபை முன்னிலையில் செய்யட்டும், மன்னா. தண்ணீரிலிருந்து வாள் வளைந்து வந்தால் ஆசாரியின் வலக்கையை வெட்டிவிடலாம். வாள் நேராக வருவதற்கு அவர் சிநேகிதன் நல்லழகனே பொறுப்பேற்கட்டும்” என்றார் அமைச்சர் திருமேனியார். நல்லழகன்மேல் அவருக்கு வெகுநாள் வயிற்றெரிச்சல். அரசர் தலையாட்டிவிட்டார்.

நல்லழகன் பட்டறைக்குப் போய்த் தரையிலேயே உட்கார்ந்தான். முதுகு விண்ணென்று வலித்தது. காலையிலிருந்து குனிந்து குனிந்து எத்தனை கும்பிடு!

“நீரு எதையாவது சொல்லித் தப்பிச்சுக்குவீரு. எனக்கு இந்தக் கைதானேய்யா சோறு” என்றார் ஆசாரி.

நல்லழகன் மூன்று வாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தான். அச்சாகப் பொருந்தின.

“ஆசாரியாரே, மூணும் ஒரே பக்கம், ஒரே அளவுதான் வளைஞ்சிருக்கு. நாளைக்கு அதே அளவு எதிர்ப்பக்கமா வளைச்சே அடிச்சிரும்.”

மறுநாள் உலையிலிருந்து கோணலாக வந்த வாளைக் கண்டு திருமேனியார் துள்ளி எழுந்தார். “தண்ணீரைத் தொடும் முன்பே கோணல்! இனி என்ன சோதனை? கையை வெட்ட உத்தரவிடுங்கள், மன்னா!”

“தங்கள் கட்டளை தண்ணீரிலிருந்து வெளியே வரும் வாளுக்கு, மன்னா. உள்ளே போகும் வாளுக்கு அல்ல” என்றான் நல்லழகன் அலுப்போடு.

வாள் சுர்ரென்று தண்ணீரில் இறங்கியது. ஆசாரி அதைத் தூக்கினார். இம்மியளவும் கோணல் இல்லை.

“எப்படியடா?” என்றார் அரசர்.

“தங்கள் முன் வருபவர்கள் எல்லோரும் வளைந்தே ஆகவேண்டும். வாளுக்கு மட்டும் விலக்கா, மன்னா? ஆகவே மறுபக்கம் வளைத்து அழைத்து வந்தோம். கும்பிடு போட்டதும் நிமிர்ந்துவிட்டது.”

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். “ஆசாரியின் வலக்கைக்குப் பொன் காப்பு போடுங்கள்! உனக்கென்ன வேண்டும், நல்லழகா?”

“நாளை ஒருநாள் நான் தூங்க வேண்டும், மன்னா.”

“தந்தோம்!”

மறுநாள் விடிந்தும் விடியாமல் கதவு தட்டப்பட்டது. வாசலில் அரண்மனைச் சேவகன்.

“ராசா வரச் சொன்னாரு சாமி. நல்லாத் தூங்குனீங்களான்னு கேக்கணுமாம்.”

நல்லழகன் கண்ணைக் கசக்கிக்கொண்டு தலைப்பாகையைத் தேடினான்.