பதின்மூன்றாவது மரம்

அந்தக் காலத்தில் ஆடு பேசும், எறும்பு பேசும், மரமும் பேசும். மனிதர்களும் பேசினார்கள்தான். ஆனால் மற்றவை பேச ஆரம்பித்தால் வாயை மூடிக்கொண்டு கேட்கிற நல்ல பழக்கம் அவர்களுக்கு அப்போது இருந்தது. அது எங்கே தொலைந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். நான் சொல்ல வந்தது வேறு கதை.

மேற்கு மலையின் அடிவாரத்தில் ஒரு வீடு. அதில் அக்கா, தங்கை இரண்டு பேர். அக்கா பாவாத்தாள், தங்கை நஞ்சாயி. தாய் தகப்பன் இல்லை. நஞ்சாயிக்கு ஏழு வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது அவளுடைய இரண்டு கால்களையும் முடக்கிவிட்டுப் போய்விட்டது. அதிலிருந்து அவளுக்கு உலகம் என்றால் வாசற்படியும், அங்கே உட்கார்ந்தால் கண்ணுக்குத் தெரிகிற வானமும்தான்.

அதனால் பாவாத்தாள் எங்கே போனாலும் வெறுங்கையோடு வீடு திரும்ப மாட்டாள். ஆற்றுக்குப் போனால் ஒரு கூழாங்கல் வரும். காட்டுக்குப் போனால் மயிலிறகு வரும். ஒன்றுமே கிடைக்காவிட்டால் ஒரு பிடி மண்ணாவது வரும். நஞ்சாயி அதைக் கையில் உருட்டிக்கொண்டே, "இது எங்கக்கா கெடந்துச்சு? பக்கத்துல என்ன இருந்துச்சு? வெயிலா, நெழலா?" என்று குடைந்து எடுப்பாள். ஒரு கூழாங்கல்லை வைத்துக்கொண்டு முழு ஆற்றையும் பார்த்துவிடுவாள் என்றால் பாருங்களேன்.

ஒரு சித்திரை மாதம் அவர்களுடைய வெள்ளாடு கொம்பியைக் காணவில்லை. பாவாத்தாள் தேடிக்கொண்டு மலை ஏறினாள். ஏறினாள், ஏறினாள், ஊர் கண்ணுக்கு மறைகிற வரை ஏறினாள். ஒரு பாறைக்குப் பின்னால் கொம்பி நின்றுகொண்டிருந்தது.

"அட எடுபட்ட ஆடே, எங்கெல்லாம் தேடறது உன்னை? இப்படியா காணாமப் போவே?" என்று கத்தினாள்.

"காணாமப் போனது நானா?" என்றது கொம்பி. "நான் எங்க இருக்கேன்னு எனக்குத் தெரியும். நீதான் எங்க நிக்கறேன்னு தெரியாம நிக்கறே. கத்தாதே. திரும்பிப் பாரு."

பாவாத்தாள் திரும்பிப் பார்த்தாள். மரங்கள்! மொத்தம் பதின்மூன்றே மரங்கள். முதல் வரிசையில் ஒன்று, அடுத்ததில் மூன்று, அதற்கடுத்து ஐந்து, மறுபடி மூன்று, கடைசியில் ஒன்று. பட்டையெல்லாம் மருதாணி வைத்த கை போலச் சிவப்பு. பத்துப் பேர் கை கோத்தாலும் ஒரு மரத்தைக் கட்டிப்பிடிக்க முடியாது. மேலே பார்த்தாள், இன்னும் மேலே பார்த்தாள், கழுத்து வலித்ததே தவிர உச்சி தெரியவில்லை. அதற்குள் பனிமூட்டம் வந்துவிட்டது. ஊரே வெயிலில் வெந்துகொண்டிருக்கிற நேரத்தில் அவளுக்கு அங்கே பல் கிடுகிடுவென்று அடித்தது. இன்னொன்றும் கவனித்தாள். கண்டதையெல்லாம் கடிக்கிற கொம்பி அங்கே ஓர் இலையில்கூட வாய் வைக்கவில்லை.

முதல் மரம், "வா" என்றது. மரத்தின் பேச்சு அவசரமில்லாத பேச்சு. அந்த ஒரு 'வா'வைச் சொல்லி முடிப்பதற்குள் கொம்பி ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்துவிட்டது. மீதியை நான் சுருக்கியே சொல்கிறேன், இல்லாவிட்டால் நீங்கள் இன்றைக்கு வீடு போய்ச் சேர மாட்டீர்கள்.

"எங்களைப் பார்க்க யாரும் வருவதில்லை பெண்ணே. வந்தால் எல்லோரையும் பார்க்க வேண்டும். ஒருவரையும் விடாமல் சுற்றி வா. ஒருவரையும் தொடாமல் சுற்றி வா. நுழைந்த இடத்துக்கே வந்து வெளியே போ. மண்ணுக்குள்ளே நாங்கள் கையோடு கை கோத்துத்தான் நிற்கிறோம். அதனால் எங்களிடமிருந்து எதையும் எடுக்காதே."

"நான் எதுக்குங்க எடுக்கப் போறேன்?" என்றாள் பாவாத்தாள். அந்த நிமிஷத்தில் அவள் பொய் சொல்லவில்லை.

சுற்ற ஆரம்பித்தாள். ஒன்றை வலமாகச் சுற்றி, அடுத்ததை இடமாக வளைத்து, இரண்டுக்கும் நடுவே புகுந்து நடந்தாள். ஒவ்வொரு மரத்தின் பக்கத்திலும் ஒவ்வொரு வாசனை. நடக்க நடக்க அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தாங்காத சந்தோஷத்தில் முதலில் ஞாபகம் வருகிறவர்கள்தானே நமக்கு வேண்டியவர்கள்? அவளுக்கு நஞ்சாயி ஞாபகம் வந்தாள். ஐயோ, இதை அவள் பார்க்கவே போவதில்லையே! நான் மட்டும் பார்த்துவிட்டுப் போய் அவளிடம் என்னவென்று சொல்வேன்? வாயால் சொல்லி முடிகிற காரியமா இது?

பன்னிரண்டு மரங்களைச் சுற்றியாயிற்று. மிச்சம் ஒன்று. அந்தப் பதின்மூன்றாவது மரத்தின் காலடியில் ஒரு சாண் உயரத்துக்குச் சிவப்பாக ஒரு மரக்கன்று நின்றது.

"வேண்டாம்," என்றது கொம்பி. அவள் முகத்தைப் பார்த்தே அதற்குத் தெரிந்துவிட்டது.

"சின்னதுதானே," என்றாள் பாவாத்தாள்.

"நான் ஆடு. நானே வேண்டாங்கறேன்."

அவள் கேட்கவில்லை. குனிந்தாள், கன்றைப் பிடித்தாள், பிடுங்கினாள். மண்ணுக்குள் எதுவோ அறுந்தது. பதின்மூன்று மரங்களும் ஒன்றாகச் சிலிர்த்தன. பாவாத்தாள் பயந்துபோனாள். கடைசி மரத்தைச் சுற்றவும் இல்லை, நுழைந்த வழிக்குத் திரும்பவும் இல்லை. கன்றை முந்தானையில் சுற்றிக்கொண்டு, வரிசைகளைக் குறுக்கே வெட்டி ஒரே ஓட்டமாக ஓடி வீடு வந்து சேர்ந்தாள்.

நஞ்சாயியின் கண்ணில் படுகிற மாதிரி வாசலில் குழி தோண்டி நட்டாள். தண்ணீர் ஊற்றினாள். மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் சொன்னாள்.

நஞ்சாயி கன்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூழாங்கல்லில் ஆற்றைப் பார்த்தவளுக்கு இதில் ஒன்றும் தெரியவில்லை. "அவ்வளவு குளிருன்னியே அக்கா, எங்க? வானத்தைத் தொடுதுன்னியே, எங்க?" என்றாள்.

அப்போது கன்று பேசியது. பிறந்து கொஞ்ச நாளே ஆன மரம், அதற்கு இன்னும் நிதானம் பழகவில்லை. "அம்மா கை எங்கே? நான் பிடித்துக்கொண்டிருந்த கை எங்கே?" என்று கேட்டது. பொழுது சாய்கிற வரைக்கும் அதையேதான் கேட்டது. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

நஞ்சாயி காதைப் பொத்திக்கொண்டாள். "எனக்கு இது வேண்டாங்க்கா. கொண்டுபோய் விட்டுடு. என்னாலதானே இது இப்படி ஆச்சு? நான் கேக்காம இருந்திருந்தா நீ எடுத்திருப்பியா?"

"நீ எங்க கண்ணு கேட்டே? நானாத்தான் எடுத்தேன். விடிஞ்சதும் கொண்டுபோய் விட்டுடறேன்."

விடிந்ததும் கன்றை மண்ணோடு அள்ளிக்கொண்டு மலை ஏறினாள். கொம்பியும் கூடவே வந்தது. அந்தப் பாறையைத் தாண்டியதும் பாவாத்தாள் நின்றுவிட்டாள்.

மரங்கள் இல்லை. பதின்மூன்று குழிகள் மட்டும் இருந்தன. ஒன்று, மூன்று, ஐந்து, மூன்று, ஒன்று. வெயில் நேராகத் தரையில் விழுந்து கிடந்தது. அந்தக் குளிர்ச்சியும் போய்விட்டது.

பாறை மேல் ஓர் இருவாச்சிப் பறவை உட்கார்ந்திருந்தது. "போயிருச்சு ஆத்தா," என்றது. "சூரியன் வர்றதுக்கு முன்னாலயே வேரைத் தூக்கிக்கிட்டு மேக்கால நடந்துருச்சு. கடலுக்கும் அந்தப் பக்கம், பனி இருக்கற ஊரா பாத்து நிக்குமாம். கை அறுந்த எடத்துல எப்படி நிக்கறதுன்னு சொல்லுச்சு பெரிய மரம்."

"திரும்பி வருமா?"

"அதை நானும் கேட்டேன். நாங்க நின்ன எடத்தை யாராச்சும் ஞாபகம் வச்சிருந்தா வருவோம்னு சொல்லுச்சு. யாரு வச்சிருக்கப் போறாங்க? ஒரு மழை பேஞ்சா குழியெல்லாம் தூர்ந்துரும்."

பாவாத்தாள் பதின்மூன்றாவது குழியில் கன்றை இறக்கி, மண்ணை அணைத்தாள். கன்று வேர்களை நாலா பக்கமும் நீட்டித் துழாவியது. பிடிக்க ஒரு கையும் அகப்படவில்லை. "அம்மா வரலையா?" என்று ஒரு தடவை கேட்டது. வெயில் ஏறியதும் தலை சாய்ந்துவிட்டது. அவள் அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். தன் வயிற்றில் பிறந்தது போனால் எப்படி அழுவாளோ அப்படி அழுதாள். அழுது முடித்து எழுந்து, ஒவ்வொரு குழியாகப் பார்த்து மனசில் வாங்கிக்கொண்டாள். இறங்கி வரும்போதே மழை பிடித்துக்கொண்டது.

அன்றைக்குத்தான் முதல் முறையாக அவள் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தாள்.

நஞ்சாயி அந்தக் கையைப் பார்த்தாள். அக்காவின் முகமே சொல்லிவிட்டது. இரண்டு பேரும் சாப்பிடாமல் படுத்தார்கள். படுத்துக்கொண்டே பாவாத்தாள் பறவை சொன்னதையெல்லாம் சொன்னாள்.

மறுநாள் மழை விட்டிருந்தது. பொழுது இன்னும் வெளுக்கவில்லை. பலகாரம் சுடுவதற்காக இடித்த அரிசி மாவு முறத்தில் அப்படியே இருந்தது. வாசலிலேயே உட்கார்ந்திருந்த நஞ்சாயி மெதுவாகக் கேட்டாள். "அக்கா, அது எப்படித்தான் இருந்துச்சு? இனி நானும் பாக்கப் போறதில்லை, நீயும் பாக்கப் போறதில்லை. எங்கெங்க நின்னுச்சுன்னாவது சொல்லேன்."

"சொன்னா உனக்குப் புரியாது கண்ணு."

"அப்பக் காட்டு."

பாவாத்தாள் முறத்திலிருந்து ஒரு சிட்டிகை மாவை எடுத்தாள். ஈர வாசலில் குனிந்து ஒரு புள்ளி வைத்தாள். "இதுதான் என்னை வான்னு கூப்பிட்ட மரம்." அடுத்து மூன்று வைத்தாள். அடுத்து ஐந்து. மறுபடி மூன்று. கடைசியில் ஒன்று. "அவ்வளவுதான். இப்ப இப்படித்தான் வெறும் எடமா இருக்குது."

"நீ நடந்தியே, அது?"

அவள் மாவை விரலிடுக்கில் ஒழுகவிட்டு, தான் நடந்த வழியை இழுக்கத் தொடங்கினாள். ஒன்றை வலமாகச் சுற்றி, அடுத்ததை இடமாக வளைத்துக் கோடு போயிற்று. "அங்க நீ எடது பக்கமாத்தான் போனே," என்று கொம்பி நடுவில் புகுந்து திருத்தியது. திருத்தினாள். எந்தப் புள்ளியையும் தொடவில்லை. பன்னிரண்டையும் சுற்றிப் பதின்மூன்றுக்குப் பக்கத்தில் வந்ததும் அவள் கை நின்றுவிட்டது.

"என்னக்கா?"

"இதை நான் சுத்தலை நஞ்சா. இதோட கொழந்தையைப் பிடுங்கிட்டு ஓடிட்டேன்." கண்ணீர் சொட்டி மாவில் விழுந்தது.

"அன்னிக்குச் சுத்தலை. இப்பச் சுத்து," என்றாள் நஞ்சாயி.

பாவாத்தாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அந்தக் கடைசிப் புள்ளியை மெல்ல, மிக மெல்லச் சுற்றினாள். கோடு அங்கிருந்து வளைந்து வளைந்து இறங்கி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது.

அப்போது நஞ்சாயி ஒரு காரியம் செய்தாள். கைகளை ஊன்றி வாசற்படியிலிருந்து இறங்கினாள். ஈர மண்ணில் உடம்பை இழுத்துக்கொண்டே மாவின் ஓரத்துக்கு வந்தாள். பாவாத்தாள் தூக்கப் போனபோது, "விடு, நானே போறேன்," என்றாள். முதல் மரத்தின் பக்கத்தில் விரலை வைத்தாள். கோட்டை ஒட்டி விரல் நடந்தது. எந்த மரத்தையும் அவள் தொடவில்லை. எந்த மரத்தையும் விடவில்லை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் கொஞ்சம் நின்று, அண்ணாந்து பார்த்தாள். அங்கே வெறும் வானம்தான் இருந்தது. ஆனாலும் அவள் உச்சியைத் தேடினாள். சுற்றி முடித்து, நுழைந்த இடத்துக்கே வந்து விரலை எடுத்தாள்.

"குளிருதுக்கா," என்றாள்.

பாவாத்தாள் அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். கொம்பியும் வந்து ஒட்டிப் படுத்துக்கொண்டது.

வெயில் ஏறியதும் எறும்புகள் வரிசையாக வந்து, "எடுத்துக்கலாமா?" என்று கேட்டன. அந்தக் காலத்து எறும்பு, கேட்காமல் எடுக்காது.

"எடுத்துக்குங்க," என்றாள் நஞ்சாயி. "நாளைக்கு வேற போடுவோம். அக்கா, சூரியன் வர்றதுக்குள்ள போட்டுடணும். அந்த நேரத்துலதானே போச்சு, வந்தாலும் அந்த நேரத்துலதான் வரும். வந்து எடம் தெரியாம நின்னுடக் கூடாது."

மறுநாளும் போட்டார்கள். அதற்கு மறுநாளும் போட்டார்கள். பார்த்த பக்கத்து வீட்டுக்காரி தன் வாசலில் போட்டாள், அவளைப் பார்த்து அடுத்த தெரு போட்டது. எதற்கென்று எல்லோருக்கும் மறந்துபோயிற்று. விரல் மட்டும் மறக்கவில்லை.

கடலைத் தாண்டிப் போன அந்தப் பதின்மூன்றும் இன்னும் திரும்பவில்லை. ஆனால் அன்று முதல்தான் நம் வாசல்களில், பொழுது விடிவதற்குள், முதலில் புள்ளி வைத்து, ஒரு புள்ளியையும் தொடாமல், ஒரு புள்ளியையும் விடாமல் சுற்றி, புறப்பட்ட இடத்திலேயே கோலத்தை முடிக்கிறார்கள்.